எங்கள் ஃபால்ட்டும் யூசுப் பாயின் உப்புத் தொட்டியும்

போன மாதம் விக்னேஷ் திருவேற்காட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் அவன் பொறுப்பு. நல்ல பையன், கெட்டிக்காரன். கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தான். பழைய ஹை டென்ஷன் பேனலைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார்களாம். அதிலிருந்த ரிலேயைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, தேக்குக் கட்டையில் பொருத்தி, அடியில் பித்தளைத் தகட்டில் என் பெயரையும் பொறித்துக் கொண்டுவந்திருந்தான்.

"உங்க காலத்து ரிலே சார். இத்தனை வருஷம் நீங்க பாத்துக்கிட்டது. ஷோகேஸ்ல வெச்சுக்கங்க" என்றான்.

நான் வேண்டாம் என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. காபி குடித்தான், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான், கிளம்பும்போது வாசலில் நின்று ஏன் என்று கேட்டான். புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகளுக்கு ரிலே கோஆர்டினேஷன் பற்றி என் அனுபவத்தை எழுதித் தரும்படி வேறு முன்பே கேட்டிருந்தான். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். பெட்டியை அவனே திருப்பி எடுத்துக்கொண்டு போனான்.

நான் ஆவடிப் பையன். டிப்ளமா முடித்தேன், அப்ரண்டிஸாக இருந்தேன், ஒரு கான்ட்ராக்டரிடம் வெயிலில் கேபிள் இழுத்தேன், எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கம்பெனிக்கு எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக வந்தேன். அதற்கு முந்தைய கதையில் விசேஷம் எதுவும் இல்லை. ஷாக் அடித்து விழுந்த கதை எல்லா எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும், என்னிடமும் இரண்டு இருக்கிறது. கம்பெனியில் இரும்பைக் காய்ச்சி அடித்து வண்டிப் பாகம் செய்வோம். ஹாமர் விழும்போது கேண்டீனில் டீ தம்ளர் தானாக நகரும். என் முழுப்பெயர் ஞானப்பிரகாசம். ஷிப்ட் எலக்ட்ரீஷியன் முனுசாமி மட்டும் "பேர்ல மட்டுந்தான் சார் பிரகாசம்" என்பான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

கோஆர்டினேஷன் என்றால் விக்னேஷ் லேப்டாப்பில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகளைக் காட்டுவான். கோடு தெரியாதவர்களுக்கும் புரிகிற விஷயம்தான். சமையலறையில் மிக்சி எரிந்தால் சமையலறை ஃபியூஸ் போக வேண்டும். அது போகாவிட்டால் வீட்டு மெயின். அதுவும் போகாவிட்டால்தான் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மரில் போக வேண்டும். ஒரு வீட்டு மிக்சிக்காகத் தெருவே இருட்டில் உட்காரக் கூடாது. கீழே இருப்பவன் முதலில் தன் வீட்டை அணைத்துக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவன் அதுவரை ஒரு அரை வினாடி பொறுத்திருக்க வேண்டும். அந்த அரை வினாடிப் பொறுமையைக் கணக்குப் போட்டு வைப்பதற்குத்தான் கோஆர்டினேஷன் என்று பெயர்.

எஸ்டேட்டில் அதே கதைதான், அளவுதான் பெரியது. சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு பதினோராயிரம் வோல்ட் லைன் புறப்பட்டு எங்களையும், எங்களைச் சுற்றியிருந்த பட்டறைகளையும் தொட்டுக்கொண்டு போகும். எங்கள் வாசலில் எங்களுக்கென்று ஒரு பிரேக்கர், அதை இழுத்துவிடுவதற்கு அந்த ரிலே. கண்ணாடி மூடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு இருக்கும். கரண்ட் அளவு மீறினால் தட்டு சுழல ஆரம்பிக்கும். சுழன்று போய் முள்ளைத் தொட்டால் பிரேக்கர் விழும். எவ்வளவு கரண்டுக்குச் சுழல ஆரம்பிக்க வேண்டும் என்பதை ஒரு சின்னப் பிளக்கை எந்த ஓட்டையில் செருகுகிறோம் என்பது தீர்மானிக்கும். எவ்வளவு தூரம் சுழல வேண்டும் என்பதை ஒரு டயல் தீர்மானிக்கும். இரண்டையும் மின்வாரியத்து டெஸ்டிங் ஆட்கள் கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போவார்கள். மீட்டருக்கு ஈயச் சீல் உண்டு. எங்கள் ரிலேவுக்குச் சீல் கிடையாது. எங்கள் யோக்கியதையை நம்பித்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் பெயர் திருநாவுக்கரசு. அரசு சார் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது பிரச்சினை என்று போய் நின்றால் கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையின் ஒரு மூலையை மட்டும் தேடி எடுத்துத் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். அதற்குள் நமக்கே நாம் சொல்ல வந்தது அதிகப்படியோ என்று தோன்றிவிடும். கடைசியில் ஒரே வார்த்தை, "பாத்துக்கங்க." என்ன செய் என்று சொல்ல மாட்டார், எழுதியும் தர மாட்டார். நல்லபடியாக முடிந்தால் அவர் சொன்னது, கெட்டுப்போனால் நாம் பார்த்துக்கொண்ட லட்சணம்.

தினமும் காலையில் ஒர்க்ஸ் மேனேஜர் அறையில் மீட்டிங். அங்கே ஒரு கரும்பலகை இருந்தது. முந்தின நாள் உற்பத்தி எவ்வளவு நேரம் நின்றது, யாரால் நின்றது என்று அதில் பத்தி பிரித்து எழுதுவார்கள். கரண்ட் சம்பந்தமாக இரண்டு பத்தி. எங்கள் பிரேக்கர் விழுந்து நின்றால் 'மெயின்டனன்ஸ்'. சப்ஸ்டேஷன் பிரேக்கர் விழுந்து நின்றால் 'வாரியம்'. முதல் பத்தியில் எண் ஏறினால் அரசு சார் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இரண்டாவதில் ஏறினால் எல்லாருமாக வாரியத்தைத் திட்டிவிட்டு டீ குடிப்பார்கள். இருட்டு என்னவோ ஒரே இருட்டுதான்.

வந்த வினை அங்கேதான். புதிதாக ஒரு ஃபர்னஸ் போட்டோம், அதற்காக இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தோம். ஹாமரும் ஃபர்னஸும் சேர்ந்து ஓடினால் ரிலே இழுத்துவிடும். முறைப்படி வாரியத்துக்கு எழுத வேண்டும். அவர்கள் புதுக் கணக்குப் போட்டு, தங்கள் பக்கமும் மாற்றி, எங்களுக்கும் மாற்றித் தருவார்கள். நான் அரசு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எழுதினா வருவாங்க. வந்தா எல்லாத்தையும் பாப்பாங்க. இப்போ எதுக்கு? பாத்துக்கங்க" என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். பிளக்கை ஒரு ஓட்டை மேலே மாற்றினேன். அடுத்த மாதம் மறுபடி இழுத்தது, இன்னொரு ஓட்டை. பிறகு டயலையும் நகர்த்தினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை. முதல் பத்தி காலியாகவே இருந்தது, ஒர்க்ஸ் மேனேஜர் அரசு சாரைப் பாராட்டினார், அரசு சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக நான் என்னவெல்லாம் செய்திருப்பேனோ, இப்போது நினைத்தால் கூசுகிறது.

நான் செய்தது என்ன என்று டிரெய்னிகளுக்குப் புரிகிறதா பாருங்கள். அந்த அரை வினாடிப் பொறுமையை நான் தலைகீழாக்கிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் ஏதாவது வெடித்தால் எங்கள் ரிலே நிதானமாக யோசித்துக்கொண்டிருக்கும், அதற்குள் சப்ஸ்டேஷன் முந்திக்கொண்டு லைன் முழுவதையும் அணைத்துவிடும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எங்களுக்கு வாரியத்தின் பிரேக்கர் அப்படி ஆகிவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. தெரியும்.

எங்கள் மதில்சுவருக்கு அந்தப் பக்கம் யூசுப் பாயின் பட்டறை. பூந்தமல்லிக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். இரும்புச் சாமான்களை உருகிய உப்பில் முக்கி உறுதியேற்றுகிற வேலை. எங்களைப் போன்ற கம்பெனிகள் அடித்துத் தரும் பாகங்களுக்கு அதுதான் உயிர் கொடுப்பது. தொட்டி நிறைய உப்பு, கரண்டில் காய்ந்து தண்ணீராய்ப் பழுத்துக் கிடக்கும். கரண்ட் கொஞ்சம் நேரம் போனால் ஏடு கட்டும். அதற்கு மேல் போனால் பாறையாகிவிடும், பிறகு அதை மறுபடி உருக்குவது பெரும்பாடு. அந்தத் தொட்டி அவர் வீட்டு அடுப்பு மாதிரி, அணையவே விடமாட்டார்.

டீக்கடையில் தினமும் பார்த்துக்கொள்வோம். நான் வெறும் டிப்ளமா என்று சொன்னாலும் கேட்காமல் என்னை இன்ஜினியர் சார் என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது.

"இன்னா இன்ஜினியர் சார், இந்தக் கரண்டு இப்டி பூட்டுப் பூட்டு வந்துகினு கீது? முன்னல்லாம் இப்டி இல்லியே" என்று ஒருநாள் கேட்டார். அதற்கு முந்தின வாரம் எங்கள் கேபிளில் ஒரு சின்னக் கோளாறு வந்து, எஸ்டேட்டே அணைந்திருந்தது.

"லைன் பழசு பாய். வாரியம் கவனிக்கறதில்ல" என்றேன். நாக்கு கூசவில்லை.

அந்தச் சமயம் அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பெரிய வண்டிக் கம்பெனி ஒன்று அவருக்கு சாம்பிள் லாட் கொடுத்திருந்தது. அது பாஸ் ஆனால் நிரந்தர வேலை. இரண்டாவது தொட்டிக்குக் குழி தோண்டி வைத்துவிட்டார். தம்பி சலீம் சவுதியில் பல வருஷம் கிடந்து இதற்காகவே வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தம்பி இனிமே போமாட்டான் சார். அவன் பொண்ணுக்கு இவ்ளோ நாளு அவன் மூஞ்சே தெரியாது, ஃபோட்டோலதான் பாத்துகினு இருந்துச்சு. இந்த லாட்டு மட்டும் பாஸ் ஆயிட்ச்சுன்னா போதும்" என்றார்.

அது மழைக்காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். யார்டில் டமால் என்று ஒரு சத்தம், உடனே எல்லாம் அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரின் கேபிள் பாக்ஸில் தண்ணீர் இறங்கி, இரண்டு ஃபேஸ் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, பாக்ஸ் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பிரேக்கர்? ஆனில் நின்றது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. சப்ஸ்டேஷன் விழுந்திருந்தது. எங்கள் தெரு, பின்தெரு எல்லாம் இருட்டு. நாங்கள் சுதாரிப்பதற்குள் சப்ஸ்டேஷன்காரர்கள் ஒருமுறை லைனைப் போட்டுப் பார்த்தார்கள். இன்னொரு டமால், மறுபடி விழுந்தது. பிறகுதான் முனுசாமி பிரேக்கரைக் கையால் இறக்கி, கெட்டுப்போன டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துவிட்டான்.

அந்தக் கணத்திலிருந்து லைனில் ஒரு கோளாறும் இல்லை. போட்டால் நிற்கும். ஆனால் இரண்டு முறை விழுந்த லைனை, நடந்து பார்க்காமல் மூன்றாம் முறை போடக் கூடாது என்பது அவர்கள் விதி. அவர்களுக்கு ஃபால்ட் எங்கே என்று தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஒரு போன் செய்தால் போதும்.

டெலிபோன் அரசு சார் அறையில் இருந்தது. ஈரச் சட்டையோடு போய் நின்றேன்.

"சார், சப்ஸ்டேஷனுக்கு ஒரு போன் பண்ணிடலாம். நம்ம ஃபால்ட்டுதான், பிரிச்சாச்சுன்னு சொன்னா உடனே லைன் போட்டுருவாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் வெளிச்சம் மங்கலாக இருந்ததால் இன்னும் அதிக நேரம் துடைத்தார்.

"பண்ணலாம். பண்ணினா நாளைக்கு எந்தப் பத்தியில எழுதறது?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"லைன்மேன் எப்படியும் வருவாங்க, பாப்பாங்க, ஒண்ணும் இல்லேன்னா போடுவாங்க. பாத்துக்கங்க, பிரகாசம்."

போன் மேசை மேல் எனக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. சப்ஸ்டேஷன் எண் எனக்கு மனப்பாடம். எடுத்துச் சுற்றியிருந்தால் அவர் என் கையைத் தட்டிவிட்டிருக்க மாட்டார், அப்படிப்பட்ட மனிதர் அல்ல. அவர் தடுத்தார் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்தால் மழைக்கோட்டு போட்ட லைன்மேன்கள் ஒவ்வொரு கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்துவந்தார்கள். வயதான ஒருவர் எங்கள் வாசல் கம்பத்தில், அந்த ஈரத்தில், ஏறி இன்சுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஒண்ணுமே சிக்கல சார்" என்றார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

மதில்சுவருக்கு மேலே யூசுப் பாயின் தலை தெரிந்தது. ஏதோ டிரம்மின் மேல் ஏறி நின்றிருக்க வேண்டும்.

"சார், சாம்பிள் ஜாப்பு தொட்டிக்குள்ள கீது. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு ஏதாச்சும் தெரியுமா?"

"வாரியத்து ஆளுங்க பாத்துக்கிட்டு இருக்காங்க பாய்."

இந்த ஒரு வாக்கியத்தில் பொய் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனாலேயே இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

சாயங்காலம் லைன் வந்தது. அதற்குள் உப்பு இறுகிவிட்டது. சலீமும் ஆட்களும் ஜாப்பைக் கம்பியோடு வெளியே இழுத்திருக்கிறார்கள். பாதியில் ஆறிப்போன இரும்பு ஒன்றுக்கும் ஆகாது. மறுநாள் தொட்டியை மறுபடி சூடாக்கும்போது அதுவும் விரிசல் விட்டது. வண்டிக் கம்பெனியிலிருந்து பார்க்க வந்தவர் விரிசல் விட்ட தொட்டியைப் பார்த்தார், பாயின் வேலையில் குறை சொல்லவில்லை. கரண்ட் நிலையாக இல்லாத இடம், நாங்கள் நம்பி வேலை தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கரும்பலகையில் 'வாரியம்' பத்தியில் எண் ஏறியது. எல்லாரும் வாரியத்தைத் திட்டினார்கள், டீ வந்தது.

அதோடு போயிருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. ஒரு வாரம் கழித்துப் பாய் எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"சார், ஒரு ஒதவி. வாரியத்து ஆபீசாண்ட போய் கம்ப்ளெய்ன்ட் குட்க்கணும். நான் பேசினா தலையும் புரியாது வாலும் புரியாது. நீ கூட வந்து கரண்ட் பாஷைல எடுத்துச் சொல்லு சார்."

அரசு சாரிடம் அனுமதி கேட்டேன், மறுத்துவிடுவார் என்ற நப்பாசையில். "போய்ட்டு வாங்க. போகலேன்னாதான் தப்பா தெரியும்" என்றார். பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, என் குற்றத்தை நானே புகார் கொடுக்கப் போனேன்.

ரிலே டெஸ்டிங் பார்க்கும் அதிகாரி ஒரு பெண்மணி, கோமதி என்று பெயர். முப்பது வயது இருக்கும். மேசையில் ஒரு பெரிய டெஸ்ட் பெட்டியும், சாப்பாட்டு டப்பாவும். பாய் சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். தம்பி கதையையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு உங்க பிரேக்கர் டிரிப் ஆச்சா?"

"இல்லை மேடம்."

"முன்னாடி எப்பவாவது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "சாரோட கம்பெனில டிரிப்பே ஆவாதும்மா. அவ்ளோ சுத்தமா வெச்சிகினு கீறாரு."

என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். கோமதி மேடம் என்னைச் சற்று நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். ஒரு ஜாயின்ட் சூடாகிறதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டிரிப்பே ஆகாதா? அப்ப நான் வந்து பாக்கணுமே" என்றார்.

மறுநாளே வந்துவிட்டார். கூட ஒரு உதவியாளர். அந்த டெஸ்ட்டை அவர் செய்த முறையை டிரெய்னிகள் தெரிந்துகொள்ள வேண்டும். வந்ததும் எதையும் தொடவில்லை. முதலில் கண்ணாடி வழியாகவே டயலையும் பிளக்கையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு சப்ளையை நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றி, தட்டை விரலால் மெல்லச் சுழற்றி எங்காவது உரசுகிறதா என்று பார்த்தார். தூசியைப் பிரஷ்ஷால் துடைத்தார். பெட்டியிலிருந்து ஒயர் கொடுத்து, பிளக் அளவுக்கு இரண்டு மடங்கு கரண்ட், பிறகு ஐந்து மடங்கு, பிறகு பத்து மடங்கு என்று செலுத்தி, தட்டு எத்தனை வினாடியில் முள்ளைத் தொடுகிறது என்று ஒவ்வொன்றையும் உதவியாளரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். ரிலேயில் ஒரு பழுதும் இல்லை. வைத்த இடத்தில் வைத்தபடி, சொன்ன நேரத்துக்குச் சரியாக வேலை செய்தது. வைத்த இடம்தான் தப்பு. தட்டு சுற்றிச் சுற்றி முள்ளுக்கு வந்து சேர்வதற்குள் முனுசாமி இருமி முடித்துவிட்டான்.

அவர் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அரசு சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தானாக ஆரம்பித்தார்.

"பக்கத்துல ஹாமர் ஓடுது மேடம். அந்த அதிர்வுல டயல் கொஞ்சம் நகர்ந்திருக்கும்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். கோமதி மேடம் தலையாட்டினார்.

"டயல் நகரலாம் சார். பிளக் தானா கழண்டு வந்து, ரெண்டு ஓட்டை தாண்டி, தானா சொருகிக்குமா?"

முனுசாமி தரையைப் பார்த்தான். அரசு சார் சிரித்தார், நல்ல பதில் என்பதுபோல. அவருக்கு வெட்கம் என்பது மேலே படாது. எனக்கு அந்தச் சின்ன அறையில் நிற்க இடமில்லாமல் போயிற்று.

மேடம் பழைய அளவைத் தானே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். "நீங்களே வைங்க" என்றார். நான் பிளக்கைக் கீழே இறக்கினேன், டயலைத் திருப்பினேன். இரண்டாம் தடவைதான் பிளக் ஓட்டையில் இறங்கியது. அவர் மறுபடி முதலிலிருந்து டெஸ்ட் செய்தார். மூடியை மாட்டிவிட்டு, கைகழுவிக்கொண்டே, மற்றவர்கள் வெளியே போனபிறகு என்னிடம் கேட்டார்.

"அந்த பாய்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன் மேடம்."

அவர் நம்பினார். கம்பெனிக்கு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது, சரிசெய்துவிட்டோம், ஹாமரையும் ஃபர்னஸையும் இனிச் சேர்த்து ஓட்ட மாட்டோம் என்று அரசு சார் பதில் எழுதினார். கம்பெனிக்குள் விஷயம் அதோடு முடிந்தது. நான் பாயிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே டீக்கடையில் அவர் கேட்டார், மேடம் வந்து இன்னா சொன்னாங்க என்று. "சரி பண்ணிட்டாங்க பாய், இனிமே அப்படி வராது" என்றேன். அவர் டீக்கடையில் இருந்த எல்லாரிடமும் சொன்னார், இன்ஜினியர் சார் கூட வந்து பேசினதாலதான் நடந்துச்சு என்று. என் டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். நான் குடித்தேன்.

சலீம் மறுபடி சவுதிக்குப் போய்விட்டார். இரண்டாவது தொட்டிக்குத் தோண்டிய குழியில் தகரமும் பழைய கம்பியும் போட்டு வைத்தார் பாய். அந்தப் பெண் குழந்தை மறுபடி ஃபோட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன், நினைப்பு வந்தால் வேறு ஏதாவது வேலை பார்ப்பேன்.

அடுத்த மழைக்காலம் வந்தது. நல்ல பகல்தான், ஆனால் வானம் மூடி, ஷெட்டுக்குள் ஆள் முகம் தெரியாத இருட்டு. அதே யார்டில் இன்னொரு கேபிள் பாக்ஸ். டமால். அடுத்த கணமே ஹை டென்ஷன் ரூமில் எங்கள் பிரேக்கர் தடாலென்று விழுந்த சத்தம் கேட்டது. கம்பெனி மொத்தமும் அணைந்தது. எங்களிடம் ஜெனரேட்டர் கிடையாது. டார்ச்சைத் தேடிக்கொண்டு வெளியே வந்த நான் அப்படியே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் பிளோயர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஷெட்டின் கூரை இடுக்கில் விளக்கு வெளிச்சம். தெருவிளக்கு எரிந்தது. எதிர்ப் பட்டறையில் லேத் ஓடியது. நாங்கள் மட்டும் இருட்டு. ரிலே தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு எலக்ட்ரிகல்காரன் சந்தோஷப்பட வேண்டிய இடம்.

சுவருக்கு மேலே பாயின் தலை தெரிந்தது.

"இன்னா சார், உங்க ஊட்ல மட்டும் இல்லியா? எங்க ஊட்ல கீதே."

"ஆமா பாய். எங்க கேபிள் போயிடுச்சு."

"உங்களுது போனா உங்களுக்கு மட்டும்தான் போவுமா?"

"ஆமா பாய். அப்படித்தான் போகணும்."

மழை அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் திரும்பித் தன் ஷெட்டைப் பார்த்தார். எதிர்ப் பட்டறையைப் பார்த்தார். பிறகு எங்கள் இருட்டைப் பார்த்தார்.

"அன்னிக்கு அல்லாருக்கும் போச்சே சார்."

நான் சொல்ல வேண்டியதை அவர் கண்ணெதிரே கம்பெனியே சொல்லிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்ட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். அவர் கையால் முகத்து ஈரத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

"ஒயர் கீதா உங்கிட்ட?"

"எதுக்கு பாய்?"

"லைட்டு இல்லாம எப்டி வேலை செய்வே? இருட்டுல கைய வெச்சின்னா இன்னாவறது. எங்களாண்டருந்து ஒரு லைனு இழுத்துக்க."

முனுசாமி ஒயர் சுருளைக் கொண்டுவந்தான். பாயே நுனியைச் சுவருக்கு மேலே வாங்கி, தன் போர்டில் மாட்டிக் கொடுத்தார். அவர் கரண்டில், அவர் வெளிச்சத்தில் எங்கள் கேபிளைச் சரிசெய்தோம். வேலை முடிந்ததும் நான் ஒயரைச் சுருட்டலாம் என்று போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார், என் பக்கம் திரும்பவில்லை.

"அங்கியே கெடக்கட்டும் சார். மறுபடி போச்சுன்னா உங்களுக்கு வேணும்ல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இன்ஜினியர் சார் என்று கூப்பிட்டதும் இல்லை, வெறும் சார்தான். தொண்ணூறுகளில் பட்டறையை மூடிவிட்டு நசரத்பேட்டைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது?

விக்னேஷ், அந்த ரிலே நல்ல ரிலே. அதன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நீ புதிதாகப் போட்டிருக்கிற பேனலின் செட்டிங்கை ஒருநாள் வந்து பார்த்துத் தருகிறேன். அப்போது மேற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். அந்த ஒயரை அதில்தான் சுற்றி வைத்திருந்தோம். நான் ஓய்வுபெறும் நாள் வரைக்கும், தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் ஹை டென்ஷன் ரூமுக்குப் போவேன். யாரையும் அதை எடுக்க விட்டதில்லை.